யந்திரத்தின் சாவி யார் கையில்?

2025ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில், இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை, கொழும்பு முதல் கல்முனை வரை, எல்லா ஊர்களிலும் ஒரே வேளையில் நின்றது. பாணந்துறையிலுள்ள உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டமையே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி அறிவித்தார். இராமாயணத்துக் குரங்கு இலங்கையை எரித்தது, இந்தக் குரங்கு இலங்கையை அணைத்துவிட்டது என்று சனங்கள் நகைத்தார்கள். நகைத்ததோடு மறந்தும் விட்டார்கள்.

குரங்கைக் குறைகூறிப் பயனில்லை. அது தன் குலத் தொழிலைச் செய்தது. அன்று விடுமுறை நாளாகையால் மின்தேவை குறைவாயிருந்தது என்றும், சூரிய சக்தியாற் பெறப்படும் மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையால் முழு அமைப்பும் அதிர்ச்சியைத் தாங்கும் வலுவின்றி இருந்தது என்றும் மின்சார சபை பின்னர் விளக்கிற்று. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் பொறிகளும் நின்றுபோனமையால் அடுத்த இரு நாட்களும் முறைவைத்து ஒன்றரை மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டது. விளக்கம் சரியாயிருக்கலாம். ஆனால் மேற்குக் கரையில் ஒரு விலங்கின் வால் பட்ட இடத்துப் பழுது, கிழக்குக் கரையிலே பாசிக்குடாவில் ஒரு மீன் வியாபாரியின் குளிர்பெட்டியை நிறுத்துமாறு நமது வாழ்வு எப்போது கட்டப்பட்டது? அதைக் கட்டும்போது நம்மில் எவரையேனும் கேட்டார்களா? இந்தக் கேள்வியை அன்று எழுப்பியவர் மிகச் சிலர்.

இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கதாசிரியர் எழுப்பியிருக்கிறார். ஈ. எம். போர்ஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளரை, இந்தியாவைப் பற்றி அவர் 1924இல் எழுதிய நாவலால் நம்மவர் அறிவர். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக, 1909இல், 'யந்திரம் நிற்கிறது' என்ற பொருளுடைய தலைப்பில் அவர் ஒரு நெடுங்கதை எழுதினார். வானொலி நிலையங்கள் தோன்றாத காலம். தொலைக்காட்சி எவர் வீட்டிலும் இல்லாத காலம். அக்காலத்திலிருந்து அவர் கண்ட எதிர்காலத்தில் மனிதர் எல்லோரும் நிலத்துக்குக் கீழே, தேன்கூட்டின் கண்ணறைகள் போன்ற அறைகளில், அறைக்கு ஒருவராக வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் உணவு வரும். இன்னொன்றை அழுத்தினால் குளிக்க நீர் வரும். மற்றொன்றை அழுத்தினால் இசை வரும். கையிலே பிடிக்கும் ஒரு வட்டத் தட்டில் உலகின் மறுபுறத்திலுள்ளவர் முகம் தெரியும், அவரோடு பேசலாம். வஷ்டி என்னும் தாய் தன் அறையை விட்டு நீங்காமலே ஆயிரம் பேருடன் பழகுகிறாள், விரிவுரை நிகழ்த்துகிறாள். மகன் கூனோ நேரில் வந்து தன்னைப் பார்க்கும்படி கேட்கும்போதோ அவளுக்கு அச்சம் பிறக்கிறது. இன்று கைத்தொலைபேசியுடன் இருக்கும் எவரும் இக்கதையைப் படித்தால் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பர்.

ஆயினும் அக்கதையின் பெருமை, வருங்காலப் பொருள்களை முன்கூட்டிச் சொன்னமையில் இல்லை. அதனைச் சோதிடரும் செய்வர். யந்திரம் நிற்பதற்கு முன் என்ன நடக்கிறது என்பதைப் போர்ஸ்டர் காட்டும் பகுதியே நாம் ஊன்றிப் படிக்கவேண்டியது. திடீரென்று எதுவும் நிற்பதில்லை. முதலில் இசையின் நடுவே பெருமூச்சுப் போன்ற ஓர் ஓசை கலக்கிறது. மக்கள் முறையிடுகிறார்கள், பழுதுபார்க்கும் குழு கவனிக்கும் என்று விடை வருகிறது. சில நாட்களில் அவ்வோசை இசையின் ஒரு பகுதி என்றே அவர்கள் காதுக்குப் பழகிவிடுகிறது. பிறகு பழம் பூஞ்சணம் பிடித்து வருகிறது, குளிநீர் நாறுகிறது. முறையீடு, பின் பழக்கம், மீண்டும் முறையீடு, மீண்டும் பழக்கம். இறுதியில் பழுதுபார்க்கும் பொறியே பழுதாகிவிட்டது என்ற செய்தி வருகிறது. அதைத் திருத்தக்கூடிய மனிதர் எவருமில்லை. முழு யந்திரத்தையும் அறிந்தவர்கள் எப்போதோ இறந்துபோனார்கள். ஒவ்வொருவரும் தத்தமக்குரிய சிறு துண்டை மாத்திரமே அறிவார்கள். அதற்குள் யந்திரத்தின் விதிநூலை மக்கள் வேதம்போல் முத்தமிட்டு வணங்கத் தொடங்கியிருந்தார்கள்.

2022இல் நாம் எப்படி இருந்தோம் என்பதை வாசகர் நினைத்துப் பார்க்கட்டும். மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. முதல் வாரம் கோபம். இரண்டாம் வாரம் தத்தம் வீடு எந்த எழுத்துப் பிரிவிற் சேர்ந்தது என்ற விசாரணை. மூன்றாம் வாரம் அந்த அட்டவணைக்கேற்பச் சோறு சமைத்தல். அது பொறுமை என்று சிலர் புகழ்ந்தார்கள். போர்ஸ்டரின் அறைவாசிகளும் பொறுமைசாலிகளே.

"கதை கதைதானே, இதை எடுத்துக்கொண்டு கமக்காரனிடமும் வைத்தியரிடமும் ஏன் வருகிறீர்?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குக் கதையல்லாத ஒன்றைச் சொல்லுவோம். இங்கிலாந்தின் தபாற் கந்தோர்களில் 'ஹொரைசன்' எனப்படும் கணக்குக் கணினி 1999 முதற் பயன்பாட்டுக்கு வந்தது. யப்பானிய நிறுவனமாகிய பியூஜிற்சு அளித்த அமைப்பு அது. அதிலிருந்த பிழையினால் உப தபாலதிபர்களின் கணக்கிற் பணம் குறைவதாகக் கணினி காட்டிற்று. பணத்தைத் திருடினார்கள், கணக்கைப் புரட்டினார்கள் என்று 2015 வரையான காலத்தில் 900க்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் நம்மைப் போன்ற தென்னாசியக் குடிவழியினர் பலர். சிறை சென்றார்கள், கடை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கணினி பிழைவிட்டது என்று அவர்கள் கதறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏனெனில் மறுப்புக்குச் சான்று காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது எனக் கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் அனுமானம். அவர்களது குற்றத்தீர்ப்புக்களை ஒருசேர நீக்குவதற்கு 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டம் இயற்றவேண்டி வந்தது. போர்ஸ்டர் பிறந்த நாட்டிலே, அவர் எழுதிய விதிநூல் வணக்கம் நீதிமன்றத்துக்குள் நுழைந்த கதை இது. நமது வழக்கறிஞர்கள் இதனைக் கருத்தூன்றிப் படிப்பார்களாக.

இனி நம் கரைக்கு வருவோம்.

பாசிக்குடாவின் கடல் ஆழமற்றது. நெடுந்தூரம் நடந்தே செல்லலாம். போர் முடிந்த 2009இன் பின்னர் அக்கரை உல்லாச விடுதிகளின் கரையாயிற்று. ஒரு பகற்பொழுது மின்சாரம் இல்லாவிட்டால் அங்கே விடுதிகளின் மின்பிறப்பாக்கிகள் உறுமும். விருந்தினர் அறை குளிர்ந்தபடி இருக்கும். அதற்கு அருகே, கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் பனிக்கட்டியை நம்பி மீன் ஏற்றுவோன் வானத்தைப் பார்ப்பான். யந்திரம் நிற்கும்போது எல்லோருக்கும் ஒரேயளவில் நிற்பதில்லை என்பதை அறைக்கு ஒருவரை வைத்துக் கதை எழுதிய போர்ஸ்டர் காணவில்லை. நாம் காண்கிறோம்.

முதியோருக்கு 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு நினைவிருக்கும். மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிய இரவு. கூரைகள் பறந்தன, தென்னந்தோட்டங்கள் ஒன்றின்மேலொன்றாய்ச் சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மாவட்டம் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தது. ஆனால் மறுநாட் காலையில், கிணற்றில் வாளியைப் போட்டவனுக்குத் தண்ணீர் கிடைத்தது. கயிறு இருந்தது, வாளி இருந்தது, இழுக்கத் தெரிந்த கை இருந்தது. இன்று நம் வளவுகளிலே கிணறு இருக்கிறது. அதன்மேற் கம்பிவலை மூடியிருக்கிறது. உள்ளே குழாய் இறங்கி மோட்டருக்குச் செல்கிறது. எத்தனை வீட்டிற் கயிறும் வாளியும் உண்டு என்று ஒவ்வொருவரும் தம் வளவிலேயே பார்த்துக்கொள்ளலாம். மோட்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெண்கள் இடுப்பொடியத் தண்ணீர் இறைத்த காலம் பொற்காலம் என்று புலம்புவோரும் நாமல்லர். மோட்டர் வாங்கிய அன்றே வாளியை எறிந்துவிட்டோமே, அதைத்தான் சொல்கிறோம்.

பொறியை வெறுப்பது எவ்வளவு தவறு என்பதற்கும் இதே கரையே சான்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது இந்துசமுத்திரத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. சுமாத்திராவிற் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியால நேரம் நமக்கு இருந்தது. சொல்வதற்கு ஒரு பொறி இல்லாமையால் இத்தீவில் 30,000க்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். பாசிக்குடா, கல்குடாக் கரைகளும் அழிந்தன. பின்னர் எச்சரிக்கை அமைப்பு நிறுவப்பட்டது. 2012 ஏப்பிரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது; கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். இதைத் தந்தது விஞ்ஞானம். மறுப்பதற்கில்லை.

ஆனால் 2004இல் அந்த நடுக்கத்துக்கு மிக அருகே கிடந்தது சிமேலு என்னும் தீவு. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர். 1907இல் அத்தீவை அழித்த அலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் பொருள். அலை அவர்களை அடைய எடுத்தது சில நிமிடங்கள். எந்தக் கோபுரத்து ஒலிபெருக்கியும் அதற்குள் முழங்கியிராது. நம் கரையில் இன்று எச்சரிக்கைக் கோபுரங்கள் உள்ளன, நல்லது. கோபுரம் ஊமையானால் என்ன செய்வது என்பதைப் பாசிக்குடாவிற் பள்ளிக்கூடப் பிள்ளை அறியுமா? 2004இன் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்களா?

கமக்காரரின் கதை இதனிலும் நெடியது, கசப்பும் மிகுந்தது. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை நெல்லாராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்ற இனம் வந்தது. அதன் பின்னர் வந்த இனங்கள் பசளையைக் கொட்டினாற் கொட்டிய அளவுக்குக் கதிர் தருவன. 1962 முதல் அரசாங்கமே மானிய விலையிற் பசளை கொடுத்துக் கமக்காரனைப் பழக்கிற்று. விளைவு பெருகியது உண்மை. பச்சைப்பெருமாளும் சீனட்டியும் அந்த விளைவைத் தரா என்பதும் உண்மை. உன்னிச்சைக் குளத்து நீரில் விளைந்த நெல்லால் எத்தனையோ பிள்ளைகள் படித்து உத்தியோகத்தராயினர். இதில் எவருக்கும் வெட்கமில்லை.

ஆனால் அறுபது ஆண்டுகள் ஒரு கையைப் பிடித்து நடத்தியவன், ஒருநாள் எச்சரிக்கையின்றிக் கையை உதறினால் என்ன ஆகும்? 2021 மே மாதம் 6ஆம் திகதி வெளியான வர்த்தமானியால் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்தல் தடுக்கப்பட்டது. இயற்கைப் பசளைக்கு நாடு ஒரே தாவலிற் தாவவேண்டும் என்பது ஆணை. இயற்கைப் பசளை எங்கே? சீனாவிலிருந்து வந்த கப்பலிலிருந்ததைப் பரிசோதித்தபோது தீங்கான கிருமி காணப்பட்டதென்று திருப்பினார்கள். திருப்பிய பசளைக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்கவும் நேர்ந்தது. நவம்பர் மாத முடிவிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்து, பயிர் மஞ்சளித்து நின்றது. விளைவு பெருமளவில் வீழ்ந்தது; அரிசிக்குப் பிறநாட்டை நாடினோம்; கமக்காரர் நட்டத்துக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு என்று 2022 தொடக்கத்தில் அரசு அறிவித்தது.

இதைப் பசளை வேண்டும், வேண்டாம் என்ற வழக்காக மட்டும் பேசி முடித்துவிட்டார்கள். நாம் கேட்பது வேறு. அந்த ஆறு மாதத்தில் ஒரு கமக்காரனுக்குத் தன் வயலிலே செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது எது? பழைய விதை அவனிடம் இல்லை. பசுந்தாட் பசளைக்கு மரம் வைத்திருக்கவில்லை. மாடு கட்டும் பட்டியும் குறைந்துவிட்டது; உழுவது யந்திரம், அறுப்பது யந்திரம், சூடு மிதிப்பதும் யந்திரம். எந்த நிலத்துக்கு எந்த விதை, எத்தனை நாள் என்று சொல்லத்தக்க பெரியவர் சுடலைக்குப் போய்விட்டார். போடியார் முதற் கூலியாள் வரை அனைவரும் கைகட்டி நின்று, கொழும்பில் ஒருவர் மனம் மாறும்வரை காத்திருந்தார்கள். நிலமும் நீரும் உழைப்பும் அவர்களுடையன; சாவி மட்டும் வேறொருவர் சட்டைப்பையில். இணைப்பைக் கொடுப்பதற்கும் துண்டிப்பதற்கும் ஒரே இடத்தில் அதிகாரம் குவிந்திருக்கும்வரை, எந்தக் கட்சியின் கையில் அது இருந்தாலும் கிழக்கின் வயலுக்குப் பாதுகாப்பில்லை என்பதே நமது துணிபு.

விந்தை என்னவெனில் 2021ஆம் ஆண்டையே களமாக வைத்துத் தமிழில் ஒரு கதை எழுதப்பட்டிருந்தது. எழுத்தாளர் சுஜாதா 1980களில் 'ஆனந்த விகடன்' இதழிற் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'வைத்தான் குறிப்பிடுகிறோம். அதில் நாட்டைச் சர்வாதிகாரி ஜீவா ஆளுகிறார். பிள்ளை பெறுவதற்கும் அனுமதி வேண்டும். அனுமதி தருவது கணினி. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ரோனிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராக இருந்தவர். தேர்தல்களிற் பயன்படும் வாக்களிப்பு யந்திரத்தின் ஆக்கத்திற் பங்குகொண்டவர். ஆகவே பொறியறியாதவரின் பீதி என்று அதைத் தள்ளமுடியாது. அந்த நாவலிற் பலர் மனங்கொண்டது பேசும் யந்திர நாய் ஜீனோவை. நாம் மனங்கொள்ளவேண்டியது ஜீவாவை. ஜீவா மனிதரே அல்லர். ஒளியினாற் பின்னப்பட்ட வெறும் உருவம். திரைக்குப் பின்னே வேறு சிலர் இருந்து ஆட்டுகிறார்கள்.

2018இல் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டு 2024 சனவரியில் தமிழ்நாட்டுக் கட்சி மேடைத் திரையிற் தோன்றிப் பேசின. அன்பினாற் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மறைந்தவர் பேச முடியுமானால் அவர் என்ன பேசுவார் என்று தீர்மானிப்பவர் யார் என்பதே சுஜாதாவின் கேள்வி. மறைந்த தலைவர்களின் பெயரில் வாழும் அரசியல் ஈழத்தவராகிய நமக்கும் புதிதன்று. ஆகையால் இதனை நாம் அயலார் வேடிக்கையாகப் பார்க்கலாகாது.

கணினி அனுமதி தரும் நாட்டின் இன்னொரு பக்கத்தை 2017இற் சார்க்கண்ட் மாநிலம் காட்டிற்று. சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் எண்ணுடன் இணைக்கப்படவில்லை என்று அக்குடும்பத்தின் கூப்பன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுக் கேட்டே பிள்ளை இறந்தாள் என்றாள் தாய். மலேரியாவால் இறந்தாள் என்றது அரசு. எதனால் இறந்தாள் என்ற வழக்கு ஒருபுறமிருக்க, பட்டியலிலிருந்து அக்குடும்பத்தின் பெயரை நீக்கியபோது அவர்கள் வீட்டுப் படலையைத் திறந்து உலைமுடியைத் தூக்கிப் பார்த்த உத்தியோகத்தர் ஒருவரும் இல்லை. முன்பு கொடுமைக்காரக் கணக்கன் இருந்தான். அவனைத் திட்டவாவது முடிந்தது.

நம் நாட்டில் 2022 யூலையில் எரிபொருளுக்குச் சதுரக் குறியீட்டு அட்டை வந்தது. மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கிற்று. அது வரிசையைக் குறைத்தது என்பதை நேர்மையுடன் ஒப்புகிறோம்; நாட்கணக்கில் வீதியிற் படுத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 2023 செப்ரெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. ஆனால் வாகன இலக்கத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஏற்பாட்டில், இலக்கமில்லாத நீர்ப்பம்பிக்கும் படகு யந்திரத்துக்கும் தனி வழி தேடவேண்டியிருந்தது. பொறியை ஆக்குவோன் தன் கண்முன் உள்ளதையே எண்ணுகிறான். கொழும்பு வீதியில் நிற்பவன் கண்ணிற் கார் படும். வாகனேரி வயலிற் கிடக்கும் பம்பி படாது. இதிற் சூழ்ச்சி இல்லை. இல்லாமையே அபாயம், சூழ்ச்சியாயின் எதிர்த்துப் பேசலாம்.

உழவு யந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் உக்கிரேன் நாட்டு மெலிற்றோபோல் நகரிலிருந்த ஜோன் டியர் விற்பனை நிலையத்திலிருந்து 27 விவசாய யந்திரங்களை ரஷ்யப் படையினர் அள்ளிச் செச்சினியாவுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 50 இலட்சம் டொலர் பெறுமதி. அங்கே கொண்டுபோய் முடுக்கினால் ஒன்றும் அசையவில்லை, தொலைவிலிருந்தே பூட்டப்பட்டுவிட்டன. கள்வன் ஏமாந்தான் என்று உலகம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். சற்றுப் பின்னர்தான் அமெரிக்கக் கமக்காரரின் முறைப்பாடு நினைவுக்கு வந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய உழவு யந்திரத்தைத் தாமே திருத்த முடியவில்லை, உள்ளிருக்கும் கணினிப் பூட்டை நிறுவனத்தின் ஆள் வந்தே திறக்கவேண்டும், அதற்குள் அறுவடை போய்விடுகிறது என்பது அவர்கள் நெடுநாள் முறைப்பாடு. அதன் பயனாகக் கொலராடோ மாநிலம், கமக்காரன் தன் யந்திரத்தைத் தானே திருத்தும் உரிமையை 2023இற் சட்டமாக்கிற்று. பணமும் நிலமும் படைத்த அமெரிக்கக் கமக்காரனுக்கே சட்டம் தேவைப்பட்டது. நம் வீதியோரத்து மெக்கானிக், கரிபிடித்த கையோடு பழைய உழவு யந்திரத்தைக் கழற்றி மாட்டுகிறானே, அவனைச் சாதாரணமாக எண்ணிவிட்டோம். அவனுக்குப் பின் அத்தொழிலைப் பழகும் பையன் இருக்கிறானா?

செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம் உலகுக்கு 'ரோபோ' என்ற சொல்லைக் கொடுத்தது; கட்டாய ஊழியம் என்று பொருள்படும் செக் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஊழியம் செய்யப் படைக்கப்பட்டவை எழுந்து மனித குலத்தை அழிக்கின்றன. எல்லோரையும் கொன்றபின் ஒருவனை மட்டும் விட்டுவைக்கின்றன. அவன் அல்குவிஸ்ற் என்ற கட்டட வேலைக்காரன். கல்லெடுத்துச் சுவர்வைக்கும் கை அவனுடையது. தங்களைப்போல் அவனும் கையால் உழைக்கிறான் என்று விட்டுவிடுகின்றன. ஐரோப்பிய நாடகத்தில் இக்கட்டத்தைக் கொத்தனாரும் தச்சரும் கமக்காரரும் உள்ள நம் கிராமத்து மேடையில் ஆடினால் விளக்கவுரை வேண்டியிராது.

இத்தகைய கதைகள் மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு ஒன்று நினைவூட்டலாம். 1968இல் வெளிவந்த '2001: ஒரு விண்வெளிப் பயணம்' என்ற படத்தின் கதையை உருவாக்கிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இத்தீவிலேயே வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராயுமிருந்தவர். அவர் விஞ்ஞானத்தின் பகைவரல்லர், அதன் பேரன்பர். அவர் கதையிலே கப்பலை நடத்தும் கணினி ஹால், மனிதர் தன்னை நிறுத்தப்போகிறார்கள் என்று அறிந்து அவர்களைக் கொல்லத் தொடங்குகிறது. எஞ்சிய ஒருவன் அதன் உள்ளறைக்குட் புகுந்து, ஒவ்வொரு துண்டாகத் தன் கையாற் கழற்றி அதை அடக்குகிறான். எந்த அறை, எந்தத் துண்டு என்பதை அவன் அறிந்திருந்தான். அதனாற் பிழைத்தான்.

நமது ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வேலை உண்டு. விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. யாழின் நரம்பைக் கணிதத்தால் அளந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். விஞ்ஞானமும் தமிழும் ஓரிடத்தில் அமர்ந்த அந்த மரபு மட்டக்களப்பு மண்ணினது. போர்ஸ்டரின் அந்த நெடுங்கதை ஒரு மாலையிற் படித்து முடிக்கத்தக்கது. அதை நல்ல தமிழிற் பெயர்த்து, உயர்வகுப்பு மாணவருக்கு, குறிப்பாக விஞ்ஞானமும் தொழினுட்பமும் படிப்பவருக்கு, வாசிக்கக் கொடுக்கவேண்டும். பொறியைச் செய்யப்போகிறவன் படிக்காமல் வேறு யார் படிப்பது?

பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர் ஆகியோரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. வைத்தியசாலையின் நோயாளர் பதிவு கணினியில் ஏறட்டும்; ஒரு பிரதி காகிதத்திலும் இருக்கட்டும். குளத்தின் வான்கதவுக்கும் துருசுக்கும் மோட்டர் பொருத்துவதானாற் பொருத்தட்டும். கைச்சக்கரத்தைக் கழற்றி எறியாதிருக்கட்டும். அதைச் சுழற்றத் தெரிந்தவர் இருவர் ஊரிலேயே இருக்கட்டும். கமநல சேவை நிலையத்தின் கணினித் திரை தமிழிற் பேசட்டும்; அதில் ஒரு பெயர் நீங்கினால், நீக்கியவர் பெயரும் காரணமும் கமக்காரனுக்கு எழுத்தில் வரட்டும். ஒவ்வொரு வட்டையிலும் சில பரப்பிலாவது பழைய விதை ஆண்டுதோறும் விளைந்து, அடுத்த ஆண்டுக்கு நெற்பட்டடையில் ஏறட்டும்.

போக ஆரம்பக் கூட்டங்கள் எப்போதும்போல் நடைபெறும். தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்புக்கு முடிவுத் திகதியும் தீர்மானிக்கப்படும். அவை முடிந்தபின் எவரேனும் ஒருவர் எழுந்து இன்னும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இந்தப் போகத்துக்கு வேண்டிய விதையும் பசளையும் வராவிட்டால் நமக்கு வேறு வழி என்ன? இந்த வட்டையில் ஓடும் யந்திரங்களைத் திருத்தக்கூடியவர் யார், அவர் எங்கே இருக்கிறார்? மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத நாளில் வெள்ள எச்சரிக்கையை ஊருக்கு யார் சொல்வார்? உத்தியோகத்தர் விடையளிக்கட்டும். அளிக்கும் விடையைக் கூட்டக் குறிப்பேட்டிற் தமிழில் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு எழும்ப வேண்டும்.